புகைபோக்கியை அடைத்த ஜீவராணி அத்தை

இலங்கை மலையகத்தில் டயகமவுக்கு அருகே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறார் ஜீவராணி அத்தை. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. நானும் அங்கே வளர்ந்தவள்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்த என்னைப் போன ஆடி மாதம் அவர் கூப்பிட்டார்.

"தோட்டத்துத் தொரைக்கு ஒரு கடுதாசி எழுதித் தாடி. வேலைய விட்டுப் போறேன்னு."

முந்தின நாள் வினோதா அக்காவின் குழந்தைக்கு இரண்டு தடவை பால் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தொட்டில் குழந்தையைப் பட்டினி போட்டுவிட்டாராம். பிள்ளைகளின் பெயர்கள்கூட வாயில் வரவில்லையாம். தினமும் மத்தியானம் தலைவலி வேறு.

"நாளைக்குக் காய்ச்ச மருந்த ரெண்டு தடவ ஊத்திட்டா? புள்ளைங்க உசுருடி!"

பால் காய்ச்சுகிற குசினியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். அரை மணிநேரத்துக்குள் கண் எரிந்தது, நெற்றி விண்ணென்று வலித்தது. அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். புகைபோக்கிக்குள் உரச்சாக்கு திணித்திருந்தது.

"இத யாரு அடைச்சது அத்தே?"

"நாந்தான். பனி உள்ள எறங்குனா, அடுப்புக்கு மேல போட்ட புள்ளைங்க துணி காயவே மாட்டேங்குது."

"கதவையும் சாத்தி வச்சிருக்கீங்க?"

"தொறந்தா பொக அங்கிட்டுப் போயிரும்ல. புள்ளைங்க இருமும்."

எத்தனை மழைக்காலமாக அந்தப் புகையை அவர் ஒருவரே சுவாசித்தாரோ! எனக்கும் இப்படித்தான் காய்ந்த துணி கட்டிவிட்டிருப்பார்.

"வட்டவளைக்கு மக வீட்டுக்குப் போனீங்களே, அங்க தல வலிச்சுச்சா?"

"இல்லடி. நாலு நாளும் நல்லாத்தான் இருந்தேன். அங்க கேஸ் அடுப்பு..." பாதியில் நிறுத்தி, புகைபோக்கியைப் பார்த்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் பிரியந்தி தமிழில் பொறுமையாக விளக்கினார். மூடிய அறையில் விறகு புகைந்தால் வருகிற நச்சுவாயு, இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூளைக்குப் போதுமான ஒட்சிசன் போகாமல் தலைவலியும் தடுமாற்றமும் வரலாம். புகையிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலந்து, நாளடைவில் மூளையைப் பாதிக்குமா என்றும் ஆராய்ச்சிகள் நடக்கின்றனவாம். அத்தையின் மறதிக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முதலில் புகையை நிறுத்தச் சொன்னார்.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மிஸ், புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?"

"கதவு மூடியிருந்ததால அவங்களுக்கு ரொம்பக் குறைவாத்தான் போயிருக்கும். எல்லாத்தையும் நீங்கதானே வாங்கிக்கிட்டீங்க."

அதைக் கேட்டதும்தான் அத்தை அழுதார்.

அன்றைக்கே சாக்கைப் பிடுங்கி எறிந்தோம். அப்பாவும் பக்கத்து வீட்டு இராமையா மாமாவும் பின்பக்கம் நாலு தகரம் போட்டு, அடுப்பை வெளியே மாற்றினார்கள். ஈரத் துணிகளை வினோதா அக்கா மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டார்.

"இதுங்கள நாங்க காய வச்சுக்கிறோம். நீங்க ஒங்க தலைய மட்டும் பாத்துக்குங்க அத்தே!"

இப்போது நான்கு மாதமாகிவிட்டது. கடுதாசி பாதியிலேயே நிற்கிறது; அத்தை வேலையை விடவில்லை. தலைவலி போய்விட்டது. மறதி முழுதாகப் போகவில்லை. மறுபடி கொடுத்துவிடாமலிருக்க, பால் குடித்த பிள்ளையின் கோப்பையைக் கவிழ்த்து வைக்கிறார். மருந்து கொடுக்கும் நேரத்தில் நான் போய் நிற்கிறேன். என்னை வளர்த்தவருக்கு இவ்வளவாவது செய்யக் கிடைத்ததே என்று மனம் நிறைகிறது.

முந்தாநாள் மாலை, பதினாறு பிள்ளைகளையும் பெயர் சொல்லி அவரவர் அம்மாவிடம் கொடுத்தார். கடைசிப் பையனிடம் மட்டும் திக்கினார்.

"யாரும் சொல்லாதீங்க, நானே சொல்றேன்."

மழைத்தூறலில் கொழுந்துக் கூடையோடு நின்ற அவன் அம்மா அவசரப்படாமல் சிரித்தபடி காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

"திலக்ஷன்!" என்றார் அத்தை. அவன் அவர் இடுப்பிலிருந்து இறங்க மறுத்தான்.