மூன்றை மூன்றில் வைத்தேன்

அம்மா போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கருவிப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு முற்பகல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அங்கே கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டருக்கும் குளோரின் பம்புக்கும் நடுவில், இரண்டும் பேசிக்கொள்ள ஒரு சீரியல் கேபிள். மணிக்கு நாலைந்து முறை பேச்சு அறுந்தது. பம்பு விற்றவர்கள் கம்ப்யூட்டரைக் கைகாட்டினார்கள், கம்ப்யூட்டர்காரர்கள் பம்பை. இரண்டு பேரும் சேர்ந்து தன்னைக் கைகாட்டும் முன் நடுவில் புகுந்து கேட்டுவிடுவதென்று அம்மா முடிவெடுத்தாள். அதற்கான கேபிளைச் சாப்பாட்டு மேசையில் செய்தாள். மூன்று தலை. இரண்டு, கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும். மூன்றாவது, ஒட்டுக்கேட்கும் லேப்டாப்புக்கு. அந்தத் தலைக்கு அவள் வைத்த பெயர் 'பக்கத்து வீட்டுக்காரி'.

"காது மட்டும் இருக்கணும். வாய் முளைச்சா குடும்பம் கெட்டுச்சு."

அந்த மாதம் அவள் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. எனக்கும் பழகட்டும் என்று சொல்லி, மூன்றாம் தலையை நான் வாங்கி ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மறுநாள் காலை பையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள்.

பாத்திரம் கழுவும்போது உறைத்தது. கம்ப்யூட்டர் பேசுவது மூன்றாம் கம்பியில். அதை லேப்டாப்பின் இரண்டாம் ஊசியில் கொடுக்க வேண்டும், அதுதான் காது. நானோ எண்ணுக்கு எண் பொருத்தி, மூன்றை மூன்றில் வைத்திருந்தேன். லேப்டாப்பின் மூன்றாம் ஊசி வாய். ஒரு கம்பியில் இரண்டு வாய். உத்தரவு குழம்பினால் குளோரின் ஏறலாம், நிற்கலாம். ஊரே குடிக்கிற தண்ணீர். பழி அவள் தலையில் விழும்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. நிலைய வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. மேடம் பம்பு அறைக்குப் போய் அரைமணி ஆயிற்று என்றார் வாசல் காவலாளி. அறைக்கு இணைப்புக் கொடுக்கச் சொன்னேன். மணி வெகுநேரம் அடித்தது.

"மாட்டிட்டியாம்மா?"

"இருபது நிமிஷம் ஆச்சு. ஏன்டி மூச்சு வாங்குற?"

"மூணு மூணுல இருக்கும்மா."

"இருந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சுப் பாத்தேன். முழங்கைய மேசைல ஊனிக்கிட்டு ரெண்டுக்கு மாத்திட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என் கை நடுங்குதுன்னு நீ எங்கிட்ட சொன்னியா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வந்தது வந்தாய், சரியா என்று பார் என்று திரையில் தெரிந்ததைப் படிக்கத் தொடங்கினாள். காவலாளியிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் குறித்தேன். இருபது நிமிடத்தில் இரண்டு இடத்தில், கம்ப்யூட்டர் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டிருந்தது; பதில் வந்திருந்தால் ஒரு தடவை போதும். ஒவ்வொரு தடவையும் கேள்வி ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் பம்பின் வாசல்வரை போயிருக்கிறது.

"கேள்வி முழுசாத்தான் போயிருக்கும்மா. பம்புதான் பேசல."

"அப்பிடியே எழுதிக்குடு. படிச்ச பொண்ணு சொன்னா நம்புவாங்க."