இடைவேளைக்குப் பிறகு மாமாவின் குரல்

எங்கள் ஊர்க் கேபிள் டிவியில் சக்கைப்போடு போட்ட விண்வெளித் தொடரைச் சினிமாவாக மாற்றியபோது, எடிட்டிங்கில் உதவிக்கு உட்கார்ந்திருந்தேன். கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு அப்பால் கடலில் ஒரு விண்கலம் விழுகிறது. அதிலிருந்து தப்பித்தவள் மீன் விற்கிறவளாக ஊருக்குள் ஒளிந்து வாழ்கிறாள். இதுதான் கதை.

ஒவ்வொரு விளம்பர இடைவெளி முடிந்ததும், "இதுவரைக்கும் நடந்தது என்னான்னா..." என்று ஒரு குரல் வரும். என் தாய்மாமாவின் குரல். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் திருவிழாவையும் கடலூர் முழுக்க அறிவிக்கிறவர் அவர். தொடரில் நடித்தவர்களை விட்டுவிட்டு அவரைத்தான் பிள்ளைகள் தெருவில் நிறுத்தி, 'இதுவரைக்கும்' சொல்லச் சொல்வார்கள்.

படத்துக்கு வெட்டும்போது எனக்கு ஒரு சந்தேகம். டிவி பார்க்கிறவர் குழம்பைக் கிளறுவார், கதவைத் திறக்கப் போவார். அவருக்குக் கதை காது வழியாகத்தான் போகிறது. தியேட்டரில் விளக்கை அணைத்தபின் கண் வேறு எங்கே போகும்? அப்புறம் எதற்கு அந்தக் குரல்? ஒரு காட்சியில் மட்டும் எடுத்துப் பார்த்தேன். மீன் கூடையில் அவள் கைபட்ட ஐஸ் கொதிக்கிறது. குரலோடு பார்த்தபோது அது வெறும் தகவல். குரல் இல்லாமல் பார்த்தபோது முதுகு சிலிர்த்தது. இயக்குநர் அண்ணாவுக்குப் போட்டுக் காட்டினேன். படம் முழுக்க எடுத்துவிடு என்றார்.

மாமாவோ சினிமாவில் தன் குரல் வரப்போகிறதென்று காடாம்புலியூர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி, வேன் வரைக்கும் பேசிவைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படம் நல்லா இருந்தா சரி மாப்ள. காடாம்புலியூர்ல மட்டும் நீயே போய்ச் சொல்லிடு."

சொல்லப் போவதற்குள் அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு ஒரு சோதனைக் காட்சி வைத்தோம். முதல் பாதியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இடைவேளையில் டீ குடித்தார்கள், போனைப் பார்த்தார்கள், படம் தொடங்கியபிறகு சாவகாசமாக உள்ளே வந்தார்கள். அதற்கப்புறம் அரங்கம் முழுக்கக் கிசுகிசுப்பு.

"யார்றா இந்தாளு?"

"கலத்த ஒளிச்சு வெச்சவன்டா."

"அவன் செத்துட்டான்ல?"

என்னால் உட்கார முடியவில்லை. இடைவேளையும் ஒரு விளம்பர இடைவெளிதானே! அண்ணாவிடம் ஓடினேன். அங்கே மட்டும் மாமாவை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் சிரித்துவிட்டு, அரை நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்.

கடலூரில் படம் வெளியான அன்று காடாம்புலியூர் வேன் வந்தது. ஒரு வரிசை முழுக்க எங்கள் ஆட்கள்தான். இடைவேளை விளக்கு எரிந்ததும் பெரியப்பா எழுந்தார்.

"ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது," என்றார் மாமா. "பப்ஸ அப்பறம் துன்னலாம்."

அத்தனை பேரும் பேசாமல் நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணைந்தது. வெளியே போனவர்கள் இருட்டில் இடம் தேடித் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, "இதுவரைக்கும் நடந்தது என்னான்னா..." என்று எழுந்தது குரல். மாமா திரையைப் பார்க்கவில்லை. வரிசையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரல் ஓய்ந்தது. பெரியப்பா மெதுவாக மாமா பக்கம் குனிந்து கேட்டார்:

"முடிஞ்சிதா? இப்பப் போலாமா?"