பழனாத்தாவின் மொறத்தில் ஒட்டிய அரிசி

போன ஞாயிற்றுக்கிழமை மகள் நச்சரித்தாளே என்று கோயமுத்தூரில் ஒரு மைதானத்துக் கைவினைச் சந்தைக்குப் போய்த் தொலைத்தேன். பனையோலைக் கம்மல், சிரட்டைக் கிண்ணம், களிமண் யானை என்று வரிசையாகக் கடைகள். ஒரு கடையில் மூங்கில் மொறத்துக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, பளபளவென்று வார்னிஷ் அடித்து, சுவரில் மாட்டக் கயிறும் கட்டி வைத்திருந்தார்கள். அந்த வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறியதும் நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

"எவ்வளவு அழகா இருக்கு பாரும்மா" என்றாள் மகள். "கருமம்" என்றேன். பாவம், முகம் சுருங்கிப் போனது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

படிப்பு முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கண்காட்சி நடத்துகிற ஒரு கம்பெனியில். கழுத்தில் அட்டையை மாட்டியதும் கலெக்டர் ஆகிவிட்ட நினைப்பு. கோபியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கைவினைச் சந்தை போட்டோம். ஊர் வாரச்சந்தையில் மொறம் முடைந்து விற்றுக்கொண்டிருந்த பழனாத்தாவைப் பேசிப் பேசிக் கரைத்துக் கூட்டி வந்தவள் நான்தான்.

"எனக்கு வருசா வருசம் வார ஆளுக இருக்குதுங்க அம்மணி. அதுகள உட்டுப்போட்டு அங்க வந்து நா என்ன பண்றது?" என்றார்.

"அவங்களையும் அங்கயே வரச் சொல்லுங்கக்கா" என்றேன். நம்பிச் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் மொறம் வாங்குவது சேலை எடுப்பதைவிடப் பெரிய வேலை. பழனாத்தா பக்கத்தில் ஒரு பை நிறைய உமி கலந்த அரிசி இருக்கும். வாங்க வருகிறவர் ஒரு கை அள்ளிப் போட்டு நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பார். உமி முன்னால் பறந்து, அரிசி பின்னால் ஒதுங்கினால்தான் விலைப் பேச்சே.

எங்கள் முதலாளிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? "டல்லடிக்குதும்மா, கொஞ்சம் ஷைன் ஏத்து" என்றார். மேடை போட்ட ஆசாரியிடம் ஒரு டப்பா வார்னிஷ் வாங்கி, பழனாத்தா சாப்பிடப் போன நேரத்தில் எல்லா மொறத்துக்கும் பூசிவிட்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அந்தக் குரங்கு நான்தான்.

அவர் திரும்பி வந்து உட்காரவும், வாடிக்கைக்காரத் தோட்டத்தம்மா ஒருவர் பக்கத்து வீட்டுப் பெண்களோடு வரவும் சரியாக இருந்தது. அந்தம்மா வழக்கம்போல ஒரு கை அரிசியைப் போட்டுத் தட்டினார். உமியும் பறக்கவில்லை, அரிசியும் ஒதுங்கவில்லை. எல்லாம் சொதசொதவென்று அப்படியே ஒட்டிக்கொண்டது. சை!

"ஏம் பழனாத்தா, என்னத்தப் பூசி வெச்சிருக்கற? மருந்து நாத்தம் அடிக்குது! இதுல பொடைச்சு எம்பட பேரனுக்கு ஆக்கிப் போடறதா?"

"நா ஒண்ணும் பூசலீங்க" என்றார் பழனாத்தா. அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. பிசுபிசுத்த விரல்களைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன். நான்தான் பூசினேன் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி பக்கத்தில் நின்றார், வேலை போய்விடும் என்ற பயம். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷி!

அந்தப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். சாயங்காலம் காரில் வந்தவர்கள் சுவரில் மாட்ட ஆகுமென்று அத்தனையும் வாங்கிப் போனார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"எல்லாம் வித்துப்போச்சுங்க அம்மணி" என்றார் பழனாத்தா. "இனி சந்தையில எம்பட மொறத்த ஆருங்க தொடுவாங்க?"

"அதெல்லாம் மறந்துருவாங்கக்கா" என்றேன், வாய் கூசாமல்.

மகளோடு போய்வந்த பிறகு பழனாத்தா நினைப்பு விடவில்லை. இந்த வாரம் சந்தை நாளில் கோபிக்கு பஸ் ஏறினேன். மூங்கில் மொறங்கள் இன்னமும் குவிந்துதான் கிடக்கின்றன, அரிசியைப் போட்டுத் தட்டித்தான் வாங்குகிறார்கள். பழனாத்தாவின் இடத்தில் வேறொருவர் கடை போட்டிருந்தார். விசாரித்தேன்.

"ஆருங்க, அந்த மருந்து மொறக்காரிங்களா? அவிய சந்தைக்கு வந்து ரொம்ப வருசமாச்சுங்க. ஒருத்தரும் வாங்கல. பெருந்துறைப் பக்கம் ஏதோ கம்பெனியில கூட்டிப் பெருக்கறாங்கன்னு சொன்னாங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, உங்களுக்குப் பழக்கமுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.