இரண்டாவது டம்ளர்

என் சர்க்கரை வியாதிக்காக மருமகள் மிக்ஸியில் பாகற்காய் அரைக்கிறாள். அந்தப் பச்சை வாசனையில் கரையான்சாவடி வீடு வந்துவிடுகிறது. வெள்ளைக்காரன் காலம். பெரிய வெள்ளியன்று, சிலுவையில் ஆண்டவருக்குக் கொடுத்த கசப்பை நினைத்து, எங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் பாகற்சாறு.

அம்மை கண்டு தம்பி இறந்த வருஷம் அம்மா டம்ளரைத் தள்ளிவிட்டாள். "எனக்கு இன்னாத்துக்கு இது? தெனமும் கசப்பத்தான குடிச்சிகினு கீறேன்."

அப்பா தன்னுடையதைக் குடித்துவிட்டு அவளுடையதையும் குடித்தார். அவர் முகம் போன கோணலைப் பார்த்து அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு மேரியக்கா குழந்தையைப் பறிகொடுத்தாள். பெரிய வெள்ளியன்று அம்மா நேராக அவள் வீட்டுக்குப் போனாள்.

"மேரி, உன் டம்ளர இப்டிக் குடு. நான் குடிச்சிக்கிறேன்."

மருமகள் வருகிறாள், கையில் இரண்டு டம்ளர். அவளுக்குச் சர்க்கரை கிடையாது.