வெற்றிலை விட்ட அக்கா

உங்கள் அம்மாவின் இடது காலில் இரண்டு விரல்கள் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். நீங்கள் இருவரும் பிறக்குமுன் நடந்தது.

அப்போது நானும் அம்மாவும் கல்யாணமாகி, சேரம்பாடியில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தோம். அடுத்த வீட்டு அக்காவும் அம்மாவும் ஒரே நிரையில் கொழுந்து எடுப்பார்கள். மழைக்காலத்தில் காலெல்லாம் அட்டை ஏறும்.

"ஏம்புள்ள, உன் ரத்தத்துல சக்கரையா கலந்திருக்குது? அட்டையெல்லாம் உன்னையே தேடி வருது!" என்பார் அக்கா.

"உங்க ரத்தத்துல பொயிலைக் காரமுங்கக்கா. அதுகளுக்கு ஒறைக்குதாட்ட இருக்குது!" என்பாள் அம்மா.

அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காது. மென்ற வெற்றிலை, புகையிலையைத் துப்பி அப்புவதுதான் எங்கள் வழக்கம். என் காலிலும் அக்கா அப்பியிருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை. ஒரு நாள் அம்மாவின் கால் விரலிடுக்கிலும் அப்படித்தான் அப்பினார். சில நாளில் பாதம் கறுத்து வீங்கியது, காய்ச்சல் கொதித்தது. எஸ்டேட் மருந்துக்கு அடங்கவில்லை. கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். கூட வந்தது அக்காதான்.

விரல்களை எடுத்த பிறகு டாக்டர் சொன்னார்: "எச்சில்ல இருக்கிற கிருமிங்க இது. வாயில இருந்தா ஒண்ணும் பண்ணாது. காயத்துல போனாலும் உடம்பே பெரும்பாலும் அடக்கிரும். இவங்களுக்குச் சர்க்கரை வியாதி இருந்திருக்குது, யாருக்கும் தெரியலை. அதான் இப்படி. ரொம்ப அபூர்வம்."

"அப்ப என் வாயிலிருந்துதான் போச்சுங்களா?" என்றார் அக்கா.

"அது என் வாயிலயும் இருக்குதும்மா. எல்லார் வாயிலயும் இருக்குது. உங்க மேல தப்பில்லைங்க."

பின்னால் சொன்னது எதுவும் அக்காவின் காதில் ஏறவில்லை. ஊர் திரும்பியதும் எங்களுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தார், துணி துவைத்தார். வாசற்படி மட்டும் ஏறவில்லை. பிறகு வேலையை விட்டு, தேவர்சோலையில் இருந்த மகனிடம் போய்விட்டார்.

அம்மா நன்றாக நடக்க ஆரம்பித்ததும் அவரைப் பார்க்கப் போனோம். பஸ் ஏறுமுன் ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டாள். அக்கா டீ கொடுத்தார். பேச்செல்லாம் எங்களோடு, கண் மட்டும் அந்தக் காலில். அம்மா பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வெத்தலை வாங்கியாந்தேனுங்கக்கா."

"விட்டுட்டேன் தாயி."

"எனக்கொண்ணும் இல்லீங்கக்கா. பாருங்க, நடந்துதானே வந்தேன்?"

"ஆமா தாயி, நடந்துதான் வந்தே" என்றார்.

அவர் மேல் தப்பில்லை என்று அவருக்கு இன்னும் எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் யோசிக்கிறேன். திரும்பும் பஸ்ஸில் அந்த வெற்றிலைக் கட்டு, பிரிக்காமல், அம்மாவின் மடியிலேயே இருந்தது.