சரியான மணம்

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் நான் வாயைத் திறந்ததும் கடைக்காரர், "இன்னாக்கா, கேரளாவா?" என்று கேட்பார். ஆறு வருடமாகக் கேட்கிறார். நானும் ஆறு வருடமாக யாழ்ப்பாணம் என்று சொல்கிறேன். தலையாட்டிக்கொள்வார், அடுத்த வாரம் தனக்குத் தெரிந்த இரண்டு மலையாளச் சொற்களை மறுபடி என்னிடம் சொல்லிப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேசினேன் என்ற பொருளில் நான் "கதைச்சனான்" என்றால் இங்கே கதை சொன்னதாக நினைக்கிறார்கள். "பேசினார்" என்றால் எங்களுக்கு ஏசினார் என்று பொருள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார், "உங்க அம்மாகிட்ட நேத்து நல்லா பேசினேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னபோது, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போல வெளியே வந்துவிட்ட உங்களுக்கும் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போனவர்களுக்குத் தங்களுக்கு என்ன விளங்கவில்லை என்பதாவது தெரியும். சொந்த மொழி பேசும் இன்னொரு நாட்டுக்கு வந்தவளுக்கு அதுவும் தெரிவதில்லை. அப்படி விளங்காமல் போன ஒரு சொல்லால் நானும் கீழ்வீட்டு ஜெசிந்தா அக்காவும் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

என் கணவர் தாம்பரத்துக்காரர். அவர் கொழும்பில் வேலையாய் இருந்த காலத்தில் பழக்கமானோம். இப்போது அவருக்குச் சிறுசேரியில் வேலை. கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்கே வந்துவிடும். அவரை அனுப்பிவிட்டு நான் கீழே இறங்கிப் போவேன். முதல் மாடியில் ஜெசிந்தா அக்கா கதவைத் திறந்து வைத்திருப்பார். ஐம்பது வயது; பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவர். வேலையை விட்டபின் வீட்டின் சின்ன அறையில் வாசனை எண்ணெய்கள் செய்கிறார். அலமாரி முழுக்கப் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். எதிலும் பெயர் கிடையாது, எண்கள்தான். என் இடது கையை எடுத்து, ட்ராப்பரால் மணிக்கட்டில் ஒரே ஒரு சொட்டு வைப்பார். அந்தச் சொட்டோடு நான் என் நாளைக் கழிக்க வேண்டும். மூன்று நேரம் அது எப்படி மாறுகிறது என்று வந்து சொல்ல வேண்டும். இதற்கு ஏன் நான் தேவைப்பட்டேன் என்றால், ஜெசிந்தா அக்காவுக்கு வாசனை தெரியாது.

அது எனக்குத் தெரிய வந்தது ஒரு பாத்திரம் பாலால். ஒருநாள் மத்தியானம் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகத் தீய்ந்த நாற்றம் ஏறியது. இறங்கி ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது. அடுப்பில் பால் வற்றிக் கருகிப் புகைந்துகொண்டிருக்க, நான்கடி தள்ளி மேசையில் அக்கா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, "பால் எரியுதக்கா, மணக்கேல்லையே?" என்று கேட்டேன். நிமிர்ந்து பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியல வாணி. அந்தக் காய்ச்சல் வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு எதுவுமே தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாத."

டாக்டர் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். அதுவரை பழைய குறிப்பேட்டைப் பார்த்து, அளவு மாறாமல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் பூவும் வேரும் ஒரே குணத்தோடு வருவதில்லை. போன வருடத்து அளவு இந்த வருடத்து எண்ணெய்க்குப் பொருந்தாது. ஒரகடத்துக்கு வேலைக்குப் போகும் அவர் கணவரிடம் எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்ற ஒரே பதில். அப்படித்தான் நான் அவருடைய மூக்கானேன்.

எனக்கு இதெல்லாம் புதிது. எங்கள் வீட்டில் வாசனை என்பது பௌடரும் குளிக்கிற சவர்க்காரமும்தான். லண்டனிலிருந்து மாமா வந்தால், அவர் பெட்டியைத் திறக்கும்போது ஒரு சென்ட் மணம் வீட்டை நிறைக்கும். அவர் போய் ஒரு வாரத்தில் அதுவும் போய்விடும். வாசனைத் திரவியம் பூசிக்கொள்வது வெளிநாட்டுக்காரருக்கு உரியது என்று நினைத்து வளர்ந்தவள் நான். அதனால் முதல் நாள் நான்காம் எண் எண்ணெயோடு படப்பை பஸ்ஸில் ஏறியபோது ஏதோ அடுத்தவர் நகையைப் போட்டுக்கொண்டு போவதுபோலக் கூச்சமாக இருந்தது. அது வெட்டிவேர். வீட்டில் வைத்தபோது வெறும் மண் மாதிரி, கொஞ்சம் கசப்பாக, பெரிதாக ஒன்றுமில்லாமல் இருந்தது. முடிச்சூர் தாண்டியதும் வெயில் ஜன்னல் பக்கம் திரும்பியது. கூட்டம் நெரித்தது, வேர்த்து வழிந்தது. அப்போது அது எழுந்தது. என் சொந்த வேர்வைக்குள்ளிருந்து ஒரு குளிர்ச்சி கிளம்பி முகத்துக்கு வந்ததை எப்படிச் சொல்ல? யாரோ நனைந்த வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல. பக்கத்தில் நின்ற பெண் என் பக்கம் நகர்ந்து நின்றாள். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தேன். வெயில்தான் அதைத் திறக்கிறது என்று அன்று விளங்கியது.

ஒன்பதாம் எண் மரிக்கொழுந்து. அதைப் பூசிக்கொண்டு தாம்பரம் ரயில் நிலையப் பாலத்தில் ஏறும்போது பின்னால் வந்த ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, "எந்தக் கடையில பூ வாங்கினீங்க?" என்று கேட்டார். என் தலையில் பூவே இல்லை. கையை நீட்டி, "இதில மணக்குது" என்றேன். அவர் சட்டென்று பின்வாங்கி, "இல்லம்மா, நான் தப்பா ஒண்ணும் சொல்லல" என்றார். கையை முகத்துக்கு நேரே நீட்டியதும் நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துவிட்டார். மல்லிகை எண்ணெய் வேறு விதம். காலையில் கல்யாண வீடு. மத்தியானம் பூ வாடி, மாலையில் கைக்குழந்தையின் உச்சந்தலை போல ஒரு வெதுவெதுப்பு மட்டும் தோலோடு ஒட்டிக்கிடந்தது. அதைச் சொன்னபோது அக்கா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். "கரெக்ட். அப்படித்தான் இருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். ஒரு சின்னச் சொட்டுக்குள் இவ்வளவு நேரமும் இவ்வளவு இடமும் மடிந்து கிடப்பது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. அதை ஒரு மனுஷி தன் நினைவிலிருந்தே கட்டுவது அதைவிட நம்ப முடியாதது.

படப்பைப் பக்கம் ஒரு குடும்பம். முன்பு நெல் போட்ட நிலமெல்லாம் இப்போது மனைகளாகிவிட்ட வீடு. மகள் கல்யாணத்துக்கு வரும் பெண்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க இருநூறு சிறு குப்பிகள் கேட்டிருந்தார்கள். மணப்பெண்ணின் அம்மாவுக்குத் தாழம்பூ வேண்டுமாம். அக்கா தாழம்பூவும் வெட்டிவேரும் சந்தனமும் சேர்த்துப் பதினொன்றாம் எண்ணைச் செய்தார். என் கையில் வைத்தார். அன்று மாமியாருக்குக் கண் ஆஸ்பத்திரி. ஆட்டோ வாசலில் நின்றது. படியிறங்கும்போதே தலை கனத்தது. திரும்பி நின்று, "அக்கா, சரியான மணம்!" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். மாமியாருக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டதால் மூன்று நாள் நான் கீழ்வீட்டுப் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள் போனபோது மேசையில் குப்பிகள் வரிசை வரிசையாக நின்றன. நூற்றுக்கு மேல் நிரப்பி மூடியாகிவிட்டது. அறைக்குள் கால் வைக்க முடியவில்லை. தாழம்பூ அறைந்தது.

"இதையா அக்கா ஊத்தினீங்கள்? நான் அண்டைக்கே சொன்னனே, சரியான மணம் எண்டு."

"ஆமா. சரியான மணம்னு சொன்ன. அதனாலதான் ஊத்திட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்களுக்குச் சரியான வெயில் என்றால் கொளுத்துகிற வெயில். சரியான சனம் என்றால் கால் வைக்க இடமில்லாத கூட்டம். சரியான மணம் என்றால் தாங்க முடியாத மணம். இங்கே சரி என்றால் சரி, அவ்வளவுதான். மெதுவாக அதைச் சொல்லி முடித்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குப்பியைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொண்டார்.

"போன் பண்ணி வேற யாராவது பாத்துக்கங்கன்னு சொல்லிடறேன். தெரியாதவ தெரிஞ்ச மாதிரி நடிச்சது என் தப்பு. நீ என்ன பண்ணுவ."

தப்பு பாதி என்னுடையது. ஆட்டோவை ஒரு நிமிடம் நிறுத்தியிருக்கலாம். கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நாளை காலையிலிருந்து நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். இனி நல்லது, சரி, ஜாஸ்தி, கம்மி என்ற சொற்களே வேண்டாம்; எது மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், போனை நாளைக்குப் பண்ணுங்கள் என்றேன். அக்கா கையிலிருந்த குப்பியை மூடி வைத்தார். மறுநாள் கதவு திறந்திருந்தது.

குப்பிகளை எல்லாம் திறந்து எண்ணெயை ஒரு ஜாடியில் சேர்த்தோம். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மாற்றிப் பார்த்தோம். என் இரண்டு முன்கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சொட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எண். இது மழையில் நனைந்த சாக்கு. இது புது நோட்டைப் பிரித்தது போல. இது இரும்புக் கம்பியைப் பிடித்த கை. இது பனாட்டு என்றேன் ஒருமுறை, அக்கா விழித்தார். பனம்பழத்தைப் பிசைந்து பாயில் காயவைப்போமே என்று அதை விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. சந்தனத்தைக் கூட்டினால் தாழம்பூ அடங்கவில்லை, வெட்டிவேர்தான் காணாமல் போனது. மூக்கு களைத்தால் மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். இரண்டாம் நாள் மத்தியானம் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. என்ன சொன்னாலும் அக்கா தலையாட்டி எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசியாகச் சொன்னேன்: "வாசல்ல ஒரு பெரிய மனுசி நிக்கிறா. அவ விலகினாத்தான் உள்ள இருக்கிற ஆக்களைப் பாக்கலாம்."

அக்கா பேனாவை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு லேசாக அசைந்தது. ஜெபமா கணக்கா என்று தெரியவில்லை. எழுந்து போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அதுவரை தொடாத ஒரு குப்பியை எடுத்தார். மகிழம்பூ. மூன்று சொட்டு விட்டார். யோசித்து இன்னும் ஒன்று. கலக்கி, என் வலது கையில் எஞ்சியிருந்த இடத்தில் வைத்தார். மூக்கருகே கொண்டுபோனேன்.

தாழம்பூ விலகி நின்றது. போய்விடவில்லை; தலையைக் கொஞ்சம் சாய்த்து வழிவிட்டது. பின்னால் வெட்டிவேர், ஈரமாக, ஆழமாக. அதற்கும் பின்னால் சந்தனம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே, எந்தப் பூ என்று சொல்ல முடியாத ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எது மாதிரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. என் தமிழிலும் இல்லை, அவர் தமிழிலும் இல்லை. இது நான் போன எந்த இடமும் அல்ல. இப்படி ஒன்று இதற்கு முன் இருந்ததே இல்லை, இப்போது இருக்கிறது, அதைச் செய்தவருக்கு மட்டும் அது தெரியாது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டிலிருந்து தோள் வரை மயிர் சிலிர்த்து நின்றது. அதன்மேல் விரலை லேசாக ஓட்டினார்.

"ஒண்ணும் சொல்லாத. தெரிஞ்சிடுச்சு."

கல்யாணத்துக்கு நானும் போனேன். மணப்பெண்ணின் அம்மா குப்பியைத் திறந்து புறங்கையில் தடவி முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற தன் தங்கையின் மூக்கருகே கையைக் கொண்டுபோனார். பிறகு, "நல்லா கீதும்மா. எதுன்னுதான் சொல்ல வரல" என்றார். பந்தி முடிந்து பெண்கள் ஒவ்வொருவராகத் தடவிக்கொள்ள, மண்டபத்தில் அது மெல்லப் பரவியது. ஜெசிந்தா அக்கா தூண் ஓரமாக நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி பேச்சை நிறுத்துவதை, ஒருத்தி கண்ணை மூடுவதை, ஒருத்தி கையை மறுபடி முகத்துக்குக் கொண்டுபோவதை. ஒரு முகத்தையும் விடவில்லை. அவர் முகர்ந்துகொண்டிருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். மூக்கு இன்றுவரை திரும்பவில்லை. அதை அவர் இப்போது யாரிடமும் மறைப்பதும் இல்லை.

போன மாதம் தங்கை சுபாவின் மகள் வயதுக்கு வந்து, அவளுடைய சாமத்தியச் சடங்குக்கு ஊருக்குப் போனேன். அக்கா கொடுத்த எண்ணெயைப் பூசியிருந்தேன். பலாலி விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போய் இறங்கியதும் சுபா குசினியில் அடுப்பை விட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "ஆரோ வாறது மணத்திலேயே தெரிஞ்சுதக்கா. நீங்கள் எண்டுதான் தெரியேல்ல" என்றாள். சிரித்தோம். ஆனால் வாசல்படி தாண்டியபோது எனக்கு வேறொன்று நடந்தது. அந்த வீட்டின் மணம் வந்தது. சுண்ணாம்பு, நல்லெண்ணெய், அலமாரித் துணி, கிணற்றுப் பாசி எல்லாம் சேர்ந்த ஒரு மணம். இருபத்தெட்டு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். அதற்கு ஒரு மணம் இருக்கிறது என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. அடுத்தவர் வீடுதான் நமக்கு மணக்கும். உள்ளே போய் நின்று, விருந்தாளியைப் போல ஆழமாக இழுத்து முகர்ந்தேன். எவ்வளவு அழகான மணம் அது.

இரண்டு வாரம் கழித்து மீனம்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். கணவரும் மாமியாரும் திருநெல்வேலிக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. சாவியைத் திருகிக் கதவைத் தள்ளியதும், அடைபட்டிருந்த காற்று முகத்தில் வந்து மோதியது. பெருங்காயம், பழைய செய்தித்தாள், அவருடைய சட்டைகள், பூஜை அறைக் கற்பூரம். யாரோ ஒரு குடும்பத்தின் வீடு. அரை மணி நேரம் உள்ளே இருந்தால் இந்த மணம் தெரியாமல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.