கரண்ட் போனாலும் வாசிக்கும் கீபோர்டு

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் சித்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஆர்மோனியம் வாசிப்பேன். திருப்பதியில் இருந்த ஒரு மெல்லிசைக் குழு கூப்பிட்டால், கல்யாணத்திலும் திருவிழாவிலும் போய்க் கீபோர்டு வாசிப்பேன். சினிமாப் பாட்டு வாசிக்கிற கையால் ஞானப்பாட்டும் வாசிக்கிறாளே என்று சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களில் ஒருவருக்கும் ஆர்மோனியம் தெரியாது என்பதால் நான் கவலைப்படவில்லை.

கீபோர்டு என்னுடையது அல்ல. குழுத் தலைவரை மாஸ்டர் என்போம். அவர்தான் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வாடகைக்கு எடுத்து வருவார்.

ஒரு தடவை ஏர்பேட்டில் திருவிழா. பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கம் அது புதுசு இல்லை. ஆண்கள் எல்லோரும் பழக்கப்படி டீக்கடைப் பக்கம் இறங்கிவிட்டார்கள். "வாடகை சாமான், பாத்துக்கினு இரும்மா" என்று சொல்லிவிட்டு மாஸ்டரும் இறங்கினார். கும்மிருட்டில் மேடையில் நான் மட்டும். விசில் பறந்தது. காது கொடுத்துக் கேட்க முடியாத பேச்செல்லாம் வந்தது. என் விரலுக்குக் கீழே கட்டைகள் செத்துக் கிடந்தன. திடீரென்று மேடை ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு என் கணுக்காலைப் பிடித்தது. உதறினேன், விடவில்லை. கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்டிருக்கும்? விளக்கு வந்தபோது கை இல்லை. எதிரே இருந்த எல்லா முகமும் யோக்கியமான முகமாகவே இருந்தது.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வெளியூர்னா அப்டித்தான்மா. அடுத்த ப்ரோக்ராமுக்கு ஆம்பள ஆள் யாரையாவது போட்டுக்கிறேன்" என்றார். வீட்டில் நைனாவும், அதாவது என் அப்பாவும், அதையே வேறு விதமாகச் சொன்னார். "உனுக்கு சபை ஆர்மோனியம் போதும். மேடை வோணாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கை நீட்டினவன் ஊருக்குள் நிம்மதியாகச் சுற்றுவான், நான் மட்டும் வீட்டுக்குள் உட்கார வேண்டுமா? யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. பாட்டு ஓடும் வரை என்னிடம் ஒருவனும் வாலாட்டியதில்லை. பாட்டு நின்றதும்தான் எல்லாம் ஆரம்பித்தது. அப்படியானால் பாட்டு நிற்கக் கூடாது.

நகைக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்தேன். சொந்தக் கீபோர்டு இருந்தால் என்னைக் குழுவில் வைத்துக்கொள்வீர்களா என்று மாஸ்டரைக் கேட்டேன். வாடகை மிச்சமாகும் என்பதால் உடனே ஒப்புக்கொண்டு, தேர்ந்தெடுத்துக் கொடுக்க மெட்ராஸுக்கும் கூடவே வந்தார். நைனா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

வாத்தியக் கடையில் மாஸ்டர் நேராகப் பெரிய சிந்தசைசர் முன்னால் போய் நின்றார். கறுப்பு உடம்பு, வரிசையாகப் பொத்தான்கள். வாசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அதன் வயலின் சத்தம் என்னைக் கட்டிப்போட்டது. அறை முழுக்க வயலின்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பது போலிருந்தது. வாசித்துக்கொண்டிருந்த பாட்டின் நடுவிலேயே கையை நீட்டிச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றது. கடைக்காரர் ஓடி வந்தார். "என்னம்மா பண்றே? லட்சணமா வாசிச்சிட்டிருக்கும்போது பிளக்கப் பிடுங்கறே!"

"எங்க ஊர்ல இப்டித்தாங்க பிடுங்குவாங்க" என்றேன்.

மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. பிளக்கை மறுபடி சொருகினார்கள். நான் போட்டு வைத்திருந்த வயலின் சத்தம் போய், முதலில் இருந்த பியானோ சத்தத்துக்கே திரும்பியிருந்தது. பேட்டரி செல் போட இடம் உண்டா என்று கேட்டேன். "டிரான்சிஸ்டர் வாங்க வந்தீங்களா, கீபோர்டு வாங்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

மூலையில் சின்னதாக ஒன்று இருந்தது. கட்டைகள் முழு அளவுதான், ஸ்பீக்கர் உள்ளேயே இருந்தது, அடியில் பெரிய டார்ச் செல் போட இடமும் இருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து செல் வாங்கி வரச் செய்து, ஒயரே இல்லாமல் மடியில் வைத்து வாசித்தேன். வயலின் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரிதான் கேட்டது.

"அது கொழந்தைங்க விளையாடறதும்மா. மேடையில வச்சா என் மானம் போயிடும்" என்றார் மாஸ்டர்.

"ஏர்பேட்டுல போனது யார் மானம் மாஸ்டர்?" என்றேன். சின்னதையே வாங்கினேன்.

பிறகு பங்காருபாளையத்தில் ஒரு திருவிழா. மாங்காய் சீசன், மண்டிக்காரர்களும் லாரிக்காரர்களும் நிறையக் கூட்டம். குழுவில் மற்றவர்கள் என் கீபோர்டைப் பார்த்துக் கிண்டலடித்தார்கள். நான் அதற்குக் கரண்டே கொடுக்கவில்லை. செல்லில்தான் ஓட்டினேன். பொழுது சாய்ந்து, மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருந்தபோது எதிர்பார்த்தது நடந்தது. கரண்ட் போய்விட்டது. பாடகர் நிறுத்தினார், தாளம் நின்றது. மாஸ்டர் வழக்கம்போல இறங்கினார். விசில் கிளம்பியது.

நான் நிறுத்தவில்லை.

உள் ஸ்பீக்கரின் சத்தம் முன்வரிசையைத் தாண்டியிருக்காது. காலைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு கட்டைகூடத் தப்பவில்லை. பார்க்காமலே டைப் அடிக்கப் பழகிய விரல் அல்லவா.

கரண்ட் போனால் முன்னால் இருக்கும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். இருட்டுக்குப் பயந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லையே. அன்றைக்கு அவர்கள் போகவில்லை. எங்கோ முன்னாலிருந்து ஒரு பெண்குரல் தெலுங்கில் கேட்டது. "ஆபொத்தம்மா, வாயிஞ்சு." நிறுத்தாதே, வாசி என்கிறாள். பிறகு அந்தக் குரலே பாடவும் ஆரம்பித்தது. இன்னொன்று சேர்ந்தது. தெலுங்கில் சிலர், தமிழில் சிலர்; இரண்டு மொழியிலும் வந்த சினிமாப் பாட்டு, மெட்டு ஒன்றுதானே. முகம் தெரியாத அத்தனை பெண்கள் பாடியதில் விசில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மைக்செட்காரர் தன் கார் பேட்டரியில் ஒயரை மாட்டி, ஒரு மைக்கைக் கொண்டுவந்து என் ஸ்பீக்கர் முன்னால் வைத்தார். புங்கமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் என் மூக்கடைத்த வயலின் ஊர் முழுக்கக் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விளக்கு வந்ததும் மாஸ்டர் அவசரமாக மேடை ஏறி, "நிறுத்தும்மா, மொதல்லேர்ந்து எடுக்கலாம்" என்று கையைக் காட்டினார். நான் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பெண்களோடு பாட்டை முடித்த பிறகுதான் கையை எடுத்தேன்.

அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது என் மேஜைமேல் புது செல்கள் இருந்தன. நைனா வாங்கி வைத்திருந்தார். "பழசு பாதியில நின்னுக்கினா இன்னா பண்ணுவே?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதும் யாராவது மேடைக்கு எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்று கேட்டால், எத்தனை டோன் இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை, பிளக்கைத்தான் பிடுங்கிப் பார்க்கச் சொல்கிறேன். மேடை உனக்கு வேண்டாம் என்று சொன்ன அத்தனை பேருக்கும் நான் கொடுத்த பதில் அன்றைக்கு இருட்டில் நிறுத்தாமல் வாசித்த அந்தப் பாட்டுதான் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.